டூர் பஸ் நிற்காத ஊரைத் தேடிப் பிடிப்பது எப்படி

பினாங்கில் குடியிருப்பவர்கள் சனிக்கிழமை மத்தியானம் ஆர்மேனியன் ஸ்திரீட் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டோம். அதே தெரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு எப்படி இருக்கும் என்பதும் நமக்குத் தெரியும். கடைக்காரர் வாசலைக் கழுவிக்கொண்டிருப்பார், சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் ஓவியத்தின் முன்னால் ஓர் ஆள் இருக்காது. பாலிக் பூலாவும் அப்படித்தான். நீண்ட விடுமுறை என்றால் மலைப்பாதை முழுக்க கே.எல். (கோலாலம்பூர்) கார்கள். நடுவாரத்தில் வயல் ஓரத்தில் கொக்கும் நாமும்தான்.

கூட்டம் ஓர் ஊரை எப்போதும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. அது சில நாளில் வரும், சில மணி நேரத்தில் வரும், பஸ் நிறுத்த இடம் இருக்கும் தூரம் வரை வரும். வெளிநாட்டில் அமைதியான கிராமப்புறம் தேடுகிறவர்கள், சொந்த ஊரைப் பற்றி வைத்திருக்கும் இந்த அறிவை அடுத்தவர் ஊருக்கும் பொருத்திப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். வீட்டில் கணவர், பிள்ளைகள், முழங்கால் வலியோடு மாமியார். எங்கே போவது, எப்படிப் போவது என்று திட்டம் போடுவது எப்போதும் என் பொறுப்பு. வேலையிடத்தில் தங்கைமார்களும் வந்து கேட்பார்கள்: "அக்கா, பச்சைப்பசேல்னு, கூட்டமில்லாம ஓர் இடம் சொல்லுங்க." இடத்தின் பெயரை மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வராது. இன்று அமைதியாக இருக்கும் ஊர் இரண்டு வருஷத்தில் டிக்டாக்கில் வந்துவிடும். தேடும் வழியைச் சொல்லிக்கொடுத்தால் அவர்களே அடுத்த ஊரைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

எதைப் பார்க்க ஆசை, எந்த மாதம்?

இயற்கை என்று பொதுவாகச் சொன்னால் தேடல் எங்கேயும் போய்ச் சேராது. வயலா, தேயிலை மலையா, ஏரியா? ஒன்றைப் பிடியுங்கள். பிடித்த பிறகு அது எந்த மாதத்தில் அழகு என்று பாருங்கள். படத்தில் பச்சையாகத் தெரியும் வயல், நாம் போகும் வாரத்தில் உழுத சேறாக இருக்கலாம், அறுத்த தாளாக இருக்கலாம். நெல் வயல் நிறைந்த கெடாவில் சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

தைவானின் கிழக்குப் பக்கம் ஹுவாலியெனுக்கும் தைத்துங்குக்கும் நடுவில் நீளமான ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே வருஷத்துக்கு இரண்டு போகம். ஒன்றை ஜூன், ஜூலையில் அறுப்பார்கள், இன்னொன்றை நவம்பர் வாக்கில். அறுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் போனால் கதிர் முற்றி, பள்ளத்தாக்கு முழுக்கப் பொன்னிறமாக நிற்கும். வடக்கு வியட்நாமின் மு காங் சாய் மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் வயல்களுக்கு செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரைதான் அந்த மஞ்சள். அதைத் தவறவிட்டால் அடுத்த வருஷம்தான்.

புகையையும் கணக்கில் எடுங்கள். வடக்கு தாய்லாந்தில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காடும் வயலும் எரியும் காலம். சியாங் மாய், மே ஹோங் சோன் மலைகளே கண்ணுக்குத் தெரியாது. புகைமூட்டத்தில் பள்ளிகளை மூடிய அனுபவம் நமக்கு இருக்கிறது. காசு கொடுத்து அதைத் தேடிப் போக வேண்டாம்.

மழையும் அப்படித்தான், நாட்டுக்கு நாடு மாறும். ஒரே நாட்டுக்குள்ளேயே மாறும். தெற்கு தாய்லாந்தின் மேற்குக் கரையில் மழை ஓயும் நேரத்தில் கிழக்குப் பக்கம் பிடித்துக்கொள்ளும். நவம்பர், டிசம்பரில் அங்கே கொட்டும். 2025 நவம்பரில் ஹாட்யாய் நகரமே வெள்ளத்தில் மூழ்கி, நம் நாட்டுக்காரர்கள் எத்தனையோ பேர் ஹோட்டல் மாடிகளில் சிக்கிக்கொண்டதை மறந்திருக்க மாட்டீர்கள்.

அங்கே யாருக்கு விடுமுறை?

நம் ஆட்கள் பெரும்பாலும் செய்வது, நம்முடைய பள்ளி விடுமுறையை மட்டும் பார்த்து டிக்கெட் எடுப்பது. போகும் நாட்டின் காலண்டரைப் புரட்டுவதே இல்லை. கிராமப்புறத்தில் கூட்டம் என்றால் அது வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் என்றும் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது பெரும்பாலும் உள்ளூர் நகரத்து மக்கள். கே.எல். காரர்கள் பினாங்குக்கு வருவது போலத்தான் இந்தோனேசியாவில் மேடான்காரர்கள் பெராஸ்தாகிக்கும், பெக்கான்பாருக்காரர்கள் மேற்கு சுமத்ராவுக்கும் வார இறுதியில் காரில் கிளம்புகிறார்கள்.

தாய்லாந்தில் சொங்க்ரான் ஏப்ரல் 13 முதல் 15 வரை. நம் சித்திரைப் புத்தாண்டும் அதே நேரம். இலங்கையிலும் அதே வாரம் புத்தாண்டு, நுவரெலியாவில் வசந்த காலக் கொண்டாட்டம் வேறு. ஆகவே ஏப்ரல் நடுவில் இந்த இரண்டு நாட்டுக் கிராமப்புறமும் வேண்டாம். ஜப்பானில் ஏப்ரல் 29 முதல் மே 5 வரை தொடர் விடுமுறை, அப்புறம் ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைக்கும் ஒபோன் பண்டிகை. சீனாவின் தேசிய விடுமுறை அக்டோபர் 1 முதல் ஒரு வாரம், அதன் தாக்கம் வியட்நாம் வரை தெரியும். இந்தோனேசியாவில் நோன்புப் பெருநாள் சமயத்தில் நாடே சொந்த ஊருக்குக் கிளம்பும், சாலையில் நகர முடியாது. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் பொதுவிடுமுறை, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் கழித்துவிட்டு மீதமிருக்கும் வாரத்தில் ஞாயிறு மாலை போய்ச் சேர்ந்து வெள்ளி காலையில் கிளம்பும்படி வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லும் எல்லா யோசனைகளிலும் இதற்குத்தான் அதிகப் பலன். வார இறுதிக்காரர்கள் மூட்டை கட்டும்போது நாம் உள்ளே நுழைகிறோம். அறை வாடகையும் பல இடங்களில் குறையும். வீட்டுக்காரருக்கும் நம்மோடு பேச நேரம் இருக்கும். என்னைப் போல ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு நடுவாரத்தில் ஓய்வு நாள் விழும். அதை வருடாந்திர விடுப்போடு சேர்த்துக் கோர்த்தால் போதும். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இது சிரமம்தான், மறுக்கவில்லை. அவர்கள் பள்ளி விடுமுறையிலேயே போகட்டும், ஆனால் அந்த நேரத்தில் நம் நாட்டுக்காரர்கள் குவியும் ஊர்களை மட்டும் தவிர்த்துக்கொள்ளட்டும்.

பிரபலமான ஊருக்குப் பக்கத்து ஊர்

ஓர் ஊர் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டால் என்ன ஆகும் என்று ஜோர்ஜ்டவுன் 2008லிருந்து நமக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே பெயர் பெற்ற ஊரை ஓர் அடையாளமாக மட்டும் வைத்துக்கொண்டு, அதே மலை, அதே மண், அதே பயிர் இருக்கும் அடுத்த பள்ளத்தாக்கைத் தேடுங்கள்.

ஜப்பானில் கூரை வேய்ந்த பழைய வீடுகளுக்கு எல்லாரும் ஷிராகாவாகோ போகிறார்கள். 1995இல் அதோடு சேர்த்தே பட்டியலில் ஏறிய கொக்காயாமா அதே மலைத்தொடரில் வடக்கே இருக்கிறது. அங்கே அய்னோக்குரா, சுகனுமா என்று சின்னச் சின்னக் கிராமங்கள், அதே வீடுகள், ஆட்கள் மிகக் குறைவு. தைவானில் சீஷாங் வயல்வெளியில் ஒற்றை மரத்தின் முன்னால் படம் எடுக்க வரிசை நிற்கும். ரயிலில் கொஞ்சம் தள்ளி இருக்கும் குவான்ஷானில் இறங்கினால் ஊரைச் சுற்றி சைக்கிள் பாதையே போட்டிருக்கிறார்கள். மேற்கு சுமத்ராவில் புக்கிட்திங்கிக்குப் போகிறவர்களில் பலர், பாயாக்கும்பு பக்கத்தில் செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே வயல் விரிந்து கிடக்கும் ஹாராவ் பள்ளத்தாக்கை அரை நாளில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ராத்திரி அங்கே தங்குகிறவர்களுக்குத்தான் காலையில் பாறையிலிருந்து மேகம் இறங்குவதைப் பார்க்கக் கிடைக்கும்.

பக்கத்து ஊரைக் கண்டுபிடிக்கக் கூகுள் மேப்பில் செயற்கைக்கோள் படத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். நீள நீளமான பஸ் நிறுத்துமிடம் தெரிந்தால் அந்த ஊரை விட்டு நகருங்கள். பள்ளிக்கூடம், கிளினிக், காலைச் சந்தை, கோயிலோ பள்ளிவாசலோ இருக்கிறதா என்று பாருங்கள். இவை இருந்தால் அது மக்கள் தங்கள் பாட்டுக்கு வாழும் ஊர். வெறும் கஃபேயும் "வியூ பாயிண்டும்" மட்டும் இருந்தால் அது நமக்காகக் கட்டிய ஊர்.

அப்புறம் ஒன்று. ஆங்கிலத்தில் தேடினால், ஆங்கிலத்தில் விளம்பரம் செய்யத் தெரிந்தவர்களின் இடம்தான் வரும். "கிராமத்தில் தங்கும் வீடு" என்பதை அந்த நாட்டு மொழிக்கு மாற்றி, மாவட்டப் பெயரோடு ஒட்டித் தேடுங்கள். வேறு உலகமே திறக்கும். விமர்சனங்களைப் படிக்கும்போது குறைந்த நட்சத்திரம் கொடுத்தவற்றை முதலில் படியுங்கள். "ஏழு மணிக்கே கடை மூடிவிடுகிறார்கள், செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று ஒருவர் திட்டியிருந்தால் எனக்கு அது சிபாரிசுக் கடிதம். "கழிவறை அழுக்கு, சொன்ன அறை கொடுக்கவில்லை" என்று இருந்தால் அது வேறு, அதை மதிக்க வேண்டும்.

ஒரு பயணத்தை முழுசாகப் போட்டுப் பார்ப்போம்

நம் வீட்டுக்கு மிகப் பக்கத்தில், விமானமே ஏறாமல் போகக்கூடிய ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறேன். தெற்கு தாய்லாந்தின் பத்தலுங் மாநிலம். ஹாட்யாய் வரை போகாத பினாங்குத் தமிழர் வீடு அபூர்வம். ஹாட்யாய்க்கு வடக்கே ஒன்றரை மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் பத்தலுங்கில் இறங்கியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்ததில்லை.

வழி இதுதான். தீவிலிருந்து ஃபெரி ஏறி பட்டர்வர்த். அங்கிருந்து கொமுட்டர் ரயிலில் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாடாங் பெசார். மலேசியக் குடிநுழைவும் தாய்லாந்துக் குடிநுழைவும் அந்த ஒரே நிலையத்துக்குள்தான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் நடக்க வேண்டாம். மாமியாரை அழைத்துப் போகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. அங்கிருந்து ஹாட்யாய்க்கு சின்ன ரயில், ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணும் அளவுதான் ஓடுகிறது என்பதால் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால் என்பதும் நினைவில் இருக்கட்டும். டிக்கெட்டில் இருப்பது எந்த நாட்டு நேரம் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஹாட்யாயில் மாறி, பாங்காக் போகும் பாதையில் பத்தலுங்.

இறங்கியதும் நிலையத்திலிருந்தே ஒரு சுண்ணாம்புப் பாறை மலை தெரியும், உச்சிக்குக் கீழே ஒரு பெரிய ஓட்டையோடு. அதுதான் அந்த ஊரின் சின்னம். ஊரில் ராத்திரி தங்க வேண்டாம். வாடகை வண்டி பிடித்து வடகிழக்கே தலே நொய் ஏரிக்குப் போய், அங்கே கரையோரத்தில் தங்குங்கள். இந்த ஈரநிலத்தின் ஒரு பகுதியான குவான் கி சியான்தான் தாய்லாந்தின் முதல் ராம்சார் தலம் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம்), 1998இல் அறிவித்தார்கள்.

பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை, சொங்க்ரானுக்கு முன்னால், போனால் ஏரியில் செவ்வல்லி பூத்துக் கிடக்கும். விடிவதற்கு முன்னாலேயே படகில் ஏற வேண்டும். வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும். பத்து மணிக்கு ஹாட்யாயிலிருந்து வேன் பிடித்து வருகிறவர்களுக்குப் பச்சை இலையும் மூடிய மொட்டும்தான். படகு வாடகை படகுக்குத்தான், தலைக்கு அல்ல, அதனால் குடும்பமாகப் போகிறவர்களுக்குக் கட்டுப்படியாகும். முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் படகில் ஏறி இறங்குவது ஒன்றுதான் சிரமம். படகுக்காரரிடம் முதல் நாள் மாலையே போய்க் காட்டி, எந்தத் துறையில் படி தாழ்வாக இருக்கிறது என்று கேட்டு வையுங்கள்.

பூவைவிட எங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்தது எருமைகள்தான். நூற்றுக்கணக்கில் இருக்கும். தண்ணீர் வற்றிய மாதங்களில் புல்வெளியில் மேயும், தண்ணீர் ஏறியதும் நீந்திப் போய்த் தலையை முக்கித் தண்ணீருக்கு அடியில் இருக்கும் புல்லைப் பறித்துத் தின்னும். மூக்கும் கொம்பும் மட்டும் மேலே தெரிய, ஒன்றன்பின் ஒன்றாக வரும். படகுக்காரர் எஞ்சினை நிறுத்திவிடுவார். மூச்சு விடும் சத்தம் கேட்கும். இந்த எருமை மேய்ச்சல் முறையை 2022இல் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் பாரம்பரியமாக அறிவித்தது. அப்படி இருந்தும் மேய்ப்பவர்கள் காட்சிக்காக எதையும் செய்வதில்லை. சாயங்காலம் பட்டிக்கு ஓட்டிப் போகிற நேரத்துக்கு ஓட்டிப் போகிறார்கள், நீங்கள் படம் எடுத்து முடித்தீர்களா என்று பார்ப்பதில்லை. நான் தேடுவது இப்படிப்பட்ட ஊரைத்தான்.

கரையில் கோரைப்புல் முடையும் பெண்களைப் பார்க்கலாம். புல்லைச் சேற்றில் ஊறவைத்து, காயவைத்து, நசுக்கித் தட்டையாக்கி, தரையில் உட்கார்ந்து பாயும் பையும் பின்னுகிறார்கள். என் மாமியாருக்குத் தாய் மொழி ஒரு வார்த்தை தெரியாது, அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் பாயின் ஓரத்தை எப்படி மடக்குவது என்று கையாலேயே அரை மணி நேரம் பேசிக்கொண்டார்கள். பை வாங்குவதானால் ஹாட்யாய்க் கடையில் வாங்காமல் அங்கேயே வாங்குங்கள், பின்னிய கைக்குக் காசு போகும். பத்தலுங்கின் சங்யோட் சிவப்பரிசியும் ஒரு கிலோ எடுத்து வரலாம், கஞ்சிக்கு நன்றாக இருக்கும்.

பத்தலுங் கலவரப் பகுதி இல்லையா என்று கேட்பார்கள். பிரச்சினை உள்ளவை பட்டானி, யாலா, நராத்திவாட், அப்புறம் சொங்க்லாவின் சில மாவட்டங்கள். பத்தலுங் அதில் இல்லை. ஆனாலும் எல்லை தாண்டும் முன் விஸ்மா புத்ராவின் (நம் வெளியுறவு அமைச்சின்) பயண அறிவிப்பை ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியவை

கிராமத்தில் தங்கும் இடத்தை முன்பதிவு செய்யும் முன், நேரடியாகச் செய்தி அனுப்பிக் கேளுங்கள். பதில் வருகிற விதத்திலேயே ஆளைத் தெரிந்துவிடும். ராத்திரிச் சாப்பாடு உண்டா, இல்லையென்றால் பக்கத்துக் கடை எத்தனை மணிக்கு மூடும்? அறை தரைமட்டத்திலா, படி எத்தனை? கழிவறை உட்கார்ந்து எழும் வகையா, குந்தும் வகையா? வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் முதல் கேள்வி. பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தூரம் என்றும் கேளுங்கள்.

இன்னொன்று, பலர் கேட்க மறப்பது: பக்கத்தில் கராவோக்கே, கல்யாண மண்டபம், முகாம் போடும் இடம் ஏதாவது இருக்கிறதா? எல்லாம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஓர் ஏரிக்கரை விடுதியில், நிறுவனக் குழு ஒன்று வந்திறங்கி நள்ளிரவு வரை ஒலிபெருக்கியில் பாடியதில் வீட்டில் ஒருவரும் தூங்கவில்லை. அதன்பின் இந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் பணம் கட்டுவதில்லை.

ஓர் இடத்தில் குறைந்தது மூன்று ராத்திரி தங்குங்கள். முதல் நாள் பயணக் களைப்பில் போய்விடும். இரண்டாம் நாள் ஊரைச் சுற்றுவோம். மூன்றாம் நாள்தான் காலைச் சந்தையில் கோப்பி கடைக்காரர் நம்மை அடையாளம் கண்டு, கேட்காமலே சர்க்கரை குறைத்துப் போடுவார்.

சாப்பாடு, காசு, காகிதம்

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தைவான் மிக எளிது, சின்ன ஊரிலும் சைவக் கடை இருக்கும். தாய்லாந்தில் "கின் ஜே" என்று சொல்லுங்கள், மஞ்சள் கொடி தொங்கும் கடைகளைப் பாருங்கள். வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். இந்தோனேசியாவில் நம் மலாய் போதும். ஆனால் பெலாச்சானை (இறால் விழுது) அங்கே தெராசி என்பார்கள், அது வேண்டாம் என்று சொல்லாவிட்டால் காய்கறியிலும் விழும். ஜப்பான் கிராமம்தான் கடினம், குழம்பு என்றால் மீன் சாறு இருக்கும். சின்ன ரைஸ் குக்கர், பருப்புப் பொடி, ஊறுகாய் இருந்தால் எந்த நாட்டிலும் சமாளிக்கலாம். நியூசிலாந்து போகிறவர்கள் கொண்டுபோகும் எல்லா உணவையும் வருகைப் படிவத்தில் எழுதிவிடுங்கள். மறைத்தால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். தைவானுக்கும் ஜப்பானுக்கும் இறைச்சி எந்த வடிவிலும் வேண்டாம், சிக்கன் ஃப்ளோஸ் உட்பட.

தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் கைபேசியில் பணம் கட்டும் நம் டுயிட்நவ் கியூஆர் பல கடைகளில் வேலை செய்யும். ஆனால் படகுக்காரருக்கும் பாய் முடைகிற அம்மாவுக்கும் ரொக்கம்தான் கைகொடுக்கும். நகரத்திலேயே சின்ன நோட்டாக மாற்றிக்கொண்டு போங்கள்.

கடப்பிதழ் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். தாய்லாந்துக்கு 2025 மே 1 முதல் இணைய வருகை அட்டை கட்டாயம். போகும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம், காசு கிடையாது. காசு கேட்கும் இணையத்தளம் எதுவானாலும் அது அரசாங்கத்தினுடையது அல்ல. இலங்கைக்கு இணைய அனுமதி, நியூசிலாந்துக்கு இணைய அனுமதியோடு 100 நியூசிலாந்து டாலர் சுற்றுலா வரி.

கார் ஓட்டுவதானால் தாய்லாந்து, இந்தோனேசியா, ஜப்பான், நியூசிலாந்து எல்லாம் நம்மைப் போல இடப்பக்கம். தைவானும் வியட்நாமும் வலப்பக்கம். மலைச் சாலையில் முதன்முதலாக வலப்பக்கம் ஓட்டிப் பழக வேண்டாம், ரயிலும் உள்ளூர் ஓட்டுநரும் போதும். ஆசியான் நாடுகளில் நம் உரிமமே செல்லும், ஜப்பானுக்கு ஜேபிஜேவில் (சாலைப் போக்குவரத்து இலாகா) அனைத்துலக உரிமம் எடுக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் உரிமம் இல்லாமல் அங்கே மோட்டார் ஓட்டி விழுந்தால் பயணக் காப்புறுதி கைவிரித்துவிடும்.

சாலை நிலவரம் கிளம்பும் வாரத்தில் பார்க்க வேண்டிய விஷயம். 2024 மே மாதம் மராப்பி எரிமலைச் சரிவிலிருந்து வந்த வெள்ளத்தில் பாடாங்கிலிருந்து புக்கிட்திங்கி போகும் லெம்பா அனாய் சாலை அறுந்தே போனது. மலைநாட்டில் இது எப்போது வேண்டுமானாலும் நடக்கும்.

தமிழ் பேசும் மலை

தேயிலை மலை பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் மனதார ஓர் இடம் சொல்வேன்: இலங்கையின் ஹப்புத்தளை. மலை ரயிலில் வெளிநாட்டவர் எல்லாரும் எல்ல என்ற ஊர் வரை போய், தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் எடுப்பார்கள். அதற்கு முன்னாலேயே வரும் ஹப்புத்தளையில் இறங்குகிறவர்கள் குறைவு. ஜனவரி முதல் மார்ச் வரை வானம் ஓரளவு தெளிவாக இருக்கும். லிப்டன் 1890இல் கட்டிய தம்பேதன்ன தொழிற்சாலைக்கு மேலே தோட்டத்து வழியாகவே லிப்டன் சீட் உச்சிக்குப் போகலாம். காலை ஆறு, ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும், ஒன்பது, பத்துக்கெல்லாம் மேகம் மூடிவிடும். 2025 நவம்பரில் டித்வா புயல் இந்த மலைநாட்டை மோசமாகத் தாக்கியது. மண்சரிவில் ரயில் பாதையும் சேதமானது. ஆகவே ரயில் எதுவரை ஓடுகிறது என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

என் மாமியார் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தம்பேதன்ன பாதையில் கொழுந்துக் கூடையோடு நின்ற ஒரு அம்மா, "எங்கயிருந்து வாறீங்க?" என்று கேட்டார். மலேசியா என்றதும் கூடையை இறக்கி வைத்துவிட்டார். காலையில் பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது) எத்தனை மணிக்கு, லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) தண்ணீர் எப்படி வரும், கங்காணி எப்படி, மழை நாளில் சம்பளம் உண்டா என்று இருவரும் ஒரே தோட்டத்தில் வளர்ந்தவர்கள் போலப் பேசிக்கொண்டார்கள். எங்கள் தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. அங்கே அந்த வாழ்க்கை இன்னும் நடக்கிறது, அதன் கஷ்டத்தோடு.

அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். லயத்து வீடுகளின் வாசலில் நின்று படம் எடுக்காதீர்கள். குழந்தைகளைப் படம் எடுக்கும் முன் தாயிடம் கேளுங்கள், அதுவும் தமிழில் கேட்க முடிகிற நமக்கு எந்தச் சாக்கும் இல்லை. கொழுந்து பறிக்கும் நேரத்தில் அவர்களை நிறுத்தி வைக்காதீர்கள், பறித்த எடைக்குத்தான் அவர்கள் நாள் கூலி நிற்கிறது. வழிகாட்டி வேண்டுமென்றால் தோட்டத்து இளைஞர்களிலேயே ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். தேநீர், ரொட்டி, காய்கறி எல்லாம் அங்கே உள்ள சின்னக் கடையில் வாங்குங்கள். பிள்ளைகளுக்கு மிட்டாய் அள்ளிக் கொடுக்கும் பழக்கம் வேண்டாம். உதவ நினைத்தால் தோட்டத்துப் பள்ளி ஆசிரியரிடம் என்ன தேவை என்று கேட்டுக் கொடுங்கள்.

திரும்பும் பயணத்துக்கும் ஒரு கணக்கு வையுங்கள். கிராமத்திலிருந்து நேராக விமானத்துக்கு ஓடும்படி திட்டம் போடாதீர்கள். மலை ரயில் தாமதமாகும், பஸ் வராமலும் போகும். கடைசி ராத்திரியைக் கொழும்பிலோ, தைப்பேயிலோ, ஹாட்யாயிலோ நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறைக்கு மட்டும், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வகையாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.